வாட்டமில்லாத ஊர்

கட்டட வேலையில் ஒரு சொல் உண்டு: வாட்டம். தளம் போடும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வடிந்து போவதற்குக் கொத்தனார் கொடுக்கும் சின்னச் சரிவு. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வாட்டம் சரியாகக் கொடுக்கவில்லை என்று அம்மா இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். மழை விட்டதும் தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். மூலையில் தேங்கிய தண்ணீரைக் குழாய் வாய்க்குத் தள்ளிவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

மாடிக்கு மட்டுமா? வடசென்னையில் எங்கள் பக்கம் முழுவதற்குமே வாட்டம் கிடையாது. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே போனாலும் தரை பலகை மாதிரி கிடக்கும். கடல் மட்டத்துக்கு மேலே சில மீட்டர்தான். மழை பெய்தால் தண்ணீர் போக வழி தெரியாமல் அப்படியே நிற்கும். 2015 டிசம்பரில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நின்றது. சரிவு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருப்பவை மேம்பாலங்கள்தான். மிண்ட், பேசின் பிரிட்ஜ், பெரம்பூர், எர்ணாவூர். மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஏற்றத்தில் கீழே இறங்கி, உடம்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போவார். உச்சிக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து பெடலை விட்டுவிடுவார். அந்த இறக்கத்தில் அவர் முகத்தில் வரும் நிம்மதியை, அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து போன நான் மலையிலிருந்து பனியில் சறுக்கி இறங்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம், மலையே தேவைப்படாத இன்னொரு பனிச்சறுக்கை ஒரு நகரத்து மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் பார்த்தேன். அன்றைக்கு அதை நான் மதிக்கவில்லை. இன்றைக்கு என்னிடம் இருப்பது அதுதான்.

2012இல் வேலைக்காக ஜெர்மனியின் மியூனிக் போனேன். குளிர்காலத்துச் சனிக்கிழமை காலையில் அங்கே ரயில் நிலையத்துக்குப் போனால், வருகிறவர்களில் பாதிப் பேர் தோளில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் கார்மிஷ்-பார்டன்கிர்ஷன் என்ற மலையூருக்குப் போய்விடலாம். கூட வேலை பார்த்தவர்கள் இரண்டாவது குளிர்காலத்தில் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் நாள் வகுப்பில் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: இந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும்? அந்தக் கோடுதான் மலையின் கோடு, எப்போதும் அதைத் தெரிந்து வைத்துக்கொள் என்றார். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் சட்டென்று கையைக் காட்டினேன். அவர் கேட்டது வாட்டத்தை. அம்மாவின் துடைப்பத்துக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

ஐந்து குளிர்காலம் சறுக்கினேன். அதில் கிடைத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லிஃப்ட் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கீழே இழுக்கும் வேலையை மலை பார்த்துக்கொள்ளும். நம் வேலை அந்த இழுப்பை அடக்குவது. ஸ்கீயின் இரும்பு விளிம்பைப் பனியில் சாய்த்து வெட்டித் திரும்புவோம். அது சரியாக விழுந்தால் தொடை, இடுப்பு, மலை எல்லாம் ஒரே வளைவாகிவிடும். பூட்ஸ் முழங்காலுக்குக் கீழே சிமென்ட் வார்த்த மாதிரி இறுகியிருக்கும். குதிகால் பலகையோடு பூட்டியிருக்கும். அந்தப் பிடிப்பு இருப்பதால்தான் வேகத்தை நம்பலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காதோரம் காற்று இரையும்போது மனதில் வேறு எந்த நினைப்பும் இருக்காது. ஆனால் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் காசில் எங்கள் வீட்டில் அரை மாத மளிகை வாங்கலாம். டிக்கெட் வாங்கும்போதெல்லாம் அது மனதில் ஓடும். அதைப் பற்றி அன்றைக்கு அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2018இல் நார்வேயின் ஆஸ்லோவுக்கு மாற்றினார்கள். அங்கே பார்த்த முதல் அதிசயம், வேலைநாள் மாலையில் மெட்ரோவுக்குள் ஸ்கீயோடு ஏறும் ஜனங்கள். அலுவலகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நூல் மாதிரி ஒல்லியான, ஆளை விட உயரமான இரண்டு பலகைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம் ஊரில் மாலை ஆறு மணிக்கு வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் காய்கறிப் பையோடு நிற்போமே, அதுபோல அத்தனை சாதாரணமாக. ஒரு தடம் ஃப்ரோக்னர்செட்டர் மலைமேட்டில் முடிகிறது, இன்னொன்று சோங்ஸ்வான் ஏரிக்குப் பக்கத்தில். ரயிலை விட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பனிப்பாதை. ஸ்கீயை மாட்டினால் காடு. பல பாதைகளில் தெருவிளக்கு மாதிரி விளக்கு போட்டிருக்கிறார்கள். இருட்டிய பிறகும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அவர்கள் செய்வதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஸ்கீ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மலையிலிருந்து இறங்கிப் பழகியவர்கள் நிறையப் பேருக்கு இந்த எண்ணம் உண்டு. வேகம் இல்லை, உயரம் இல்லை, பயமும் இல்லை. வயதானவர்கள் உடம்பு குறைக்கச் செய்வது என்று ஒதுக்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அலுவலகத் தோழி ஒருத்தி தன் பழைய ஸ்கீயைக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோங்ஸ்வானுக்கு அழைத்துப் போனாள்.

பூட்ஸ் துணி ஷூ மாதிரி லேசாக இருந்தது. அதன் முன்முனை மட்டும்தான் பலகையில் மாட்டுகிறது, குதிகால் சுதந்திரமாக மேலே எழும்பும். பலகையின் ஓரத்தில் இரும்பு விளிம்பு இல்லை. நான் நம்பியிருந்த பிடிப்பு எல்லாம் போய்விட்டது. ஏரியைத் தாண்டி ஒரு சின்ன இறக்கம் வந்தது. கார்மிஷில் அதை இறக்கம் என்றே சொல்ல மாட்டார்கள், எங்கள் எர்ணாவூர் பாலத்தைவிடச் சாதுவான சரிவு. அதில் வளைவு வந்ததும் பழக்க தோஷத்தில் விளிம்பைத் தேடிக் காலைச் சாய்த்தேன். வெட்டுவதற்கு விளிம்பு இல்லாத பலகை நேராகப் போனது, நான் காட்டுக்குள் போய் விழுந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது பக்கத்துத் தடத்தில் ஒரு பாட்டி போனார். எழுபது வயதுக்குக் குறையாது. முதுகில் பை. மூச்சு இரைக்கவில்லை. ஒவ்வொரு உதைப்புக்கும் ஆள் நீளத்துக்கு மேல் வழுக்கிக்கொண்டு, ஏற்றத்திலும் அதே தாளத்தில் போனார். அந்தப் பாட்டியின் முதுகு மரங்களுக்கு நடுவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை எந்த மலையும் இழுக்கவில்லை. அத்தனையும் அவர் உடம்பிலிருந்து வந்த ஓட்டம்.

அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை மாற்றியது அதுதான்.

இப்படி உதைத்து வழுக்குவதைக் கிளாசிக் முறை என்பார்கள், அதற்கான ஸ்கீ வில் மாதிரி நடுவில் தூக்கியிருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் முனையும் வாலும் மட்டுமே பனியைத் தொடும், அவை வழுக்கும். எடை முழுவதையும் ஒரு காலில் இறக்கி அழுத்தினால் வில் தட்டையாகி நடுப்பகுதி பனியில் பதியும். அங்கே தடவியிருக்கும் மெழுகு பனியைக் கவ்விக்கொள்ளும். அந்த ஒரு கண நேரப் பிடிப்பில் உதைத்து மற்ற காலில் முன்னால் வழுக்க வேண்டும். ஒரே பலகை பிடிக்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். இரண்டையும் தீர்மானிப்பது நம் எடை எந்தக் காலில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பது. இறங்கும் சறுக்கில் வேகம் இலவசம், பிடிப்புக்குத்தான் உழைக்கிறோம். இங்கே ஒவ்வொரு அடிக்கும் பிடிப்பையும் வேகத்தையும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

மெழுகிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நல்ல குளிருக்குப் பச்சை, கொஞ்சம் குறைந்தால் நீலம், சுழியம் டிகிரியை ஒட்டினால் ஊதா, ஈரப் பனிக்குச் சிவப்பு. தோழி கதவுக்கு வெளியே கையை நீட்டுவாள், ஒரு பிடி பனியை எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பாள், பிறகு டப்பாவைத் தேர்ந்தெடுத்துத் தடவிக் கார்க் கட்டையால் தேய்ப்பாள். அதைப் பார்த்த அன்று எனக்கு எங்கள் தெருமுனைக் கேரம் கிளப் ஞாபகம் வந்தது. ஐப்பசி கார்த்திகையில் பலகை ஈரம் குடித்துவிடும். ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுபோகும். அண்ணன்கள் பல்பைத் தாழ இறக்கிப் பலகையைச் சூடாக்கி, போரிக் பவுடரைத் துணியால் தட்டி, விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, 'இன்னும் கொஞ்சம்' என்பார்கள். பவுடர் அதிகமானாலும் ஆட்டம் கெட்டுவிடும், காய் கட்டுக்கடங்காமல் ஓடும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் பெண். வழுக்கலை விரலால் அளக்கத் தெரிந்த ஊர் இது. நார்வேக்காரர்கள் பனியில் செய்வதை நாங்கள் பலகையில் செய்துகொண்டிருக்கிறோம்.

அன்றிலிருந்து இரண்டு குளிர்காலம் வாரத்துக்கு மூன்று நாள் போனேன். சோங்ஸ்வானிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஏறினால் உல்லெவோல்செட்டர் என்று ஒரு காட்டு விடுதி. அங்கே வாஃபிளும் காபியும் கிடைக்கும். முதல் தடவை போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் நாற்பது நிமிடத்துக்கு வந்தேன்.

போகப் போகத் தெரிந்தது, ஸ்கீ என்பதே முதலில் இதுதான். 1924இல் ஷமோனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இறங்கும் போட்டியே கிடையாது, கிராஸ்கன்ட்ரி என்கிற இந்தச் சறுக்கு இருந்தது. இறங்கும் சறுக்கு ஒலிம்பிக்குக்குள் வந்தது 1936இல், நான் கற்றுக்கொண்ட அதே கார்மிஷில். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே வடக்கே மனிதர்கள் அடுத்த ஊருக்குப் போகவும், வேட்டைக்குப் போகவும், சுமை கொண்டுபோகவும் இதில்தான் போனார்கள். 1206இல் நார்வேயின் உள்நாட்டுப் போரில், ஹாகோன் என்ற அரசிளங்குழந்தையை இரண்டு வீரர்கள் ஸ்கீயில் தூக்கிக்கொண்டு மலை தாண்டிக் காப்பாற்றினார்கள் என்று சொல்வார்கள். அதன் நினைவாக இன்றும் ரேனாவிலிருந்து லில்லஹாமருக்கு 54 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம் நடக்கிறது. ஓடுகிற ஒவ்வொருவரும் அந்தக் குழந்தையின் கணக்காக மூன்றரைக் கிலோ பையைச் சுமந்து ஓட வேண்டும். பொழுதுபோக்கு ஆவதற்கு முன்னால் இது பிழைப்பு. எனக்கு அந்த மூன்றரைக் கிலோ ரொம்பவும் பிடித்துவிட்டது.

இதோடு இன்னொன்றும் உறைத்தது. அந்த ஊர்ப் பாதைகளுக்கு டிக்கெட் கிடையாது. 1883இல் தொடங்கிய ஒரு ஸ்கீ சங்கம் ஆஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இயந்திரம் விட்டுத் தடம் போட்டு வைக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். காட்டில் நடமாடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1957இலேயே சட்டம் எழுதியிருக்கிறார்கள். நகரம் வளர்ந்து காட்டைத் தின்னக்கூடாது என்பதற்காக 2009இல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டின் எல்லைக்குள் பொதுவாகப் புதிய கட்டடம் கட்ட விடமாட்டார்கள். மலையில் சறுக்க ஒருவர் மலையை வாங்கி, கம்பி கட்டி, லிஃப்ட் ஓட்ட வேண்டும். சமதளத்தில் சறுக்க ஒரு பாதை போதும், ஆனால் அந்தப் பாதையை ஊர் விட்டுவைத்திருக்க வேண்டும்.

2020 தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இறங்கும் ஸ்கீயையும் பூட்ஸையும் அங்கேயே விற்றேன். பெட்டியில் ஒரு ஜோடி ரோலர் ஸ்கீயும் கையில் பிடித்து ஊன்றித் தள்ளும் இரண்டு கோல்களும் மட்டும் வந்தன.

ரோலர் ஸ்கீ என்பது கோடைகாலத்தில் கிராஸ்கன்ட்ரி வீரர்கள் பயிற்சிக்காகப் போட்டுக்கொள்வது. தோள் முதல் விரல் நுனி வரை இருக்குமே, கிட்டத்தட்ட அந்த நீளத்தில் ஒரு சட்டம், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். கிளாசிக் வகையில் ஒரு சக்கரம் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம்தான் சுற்றும். பின்னால் உதைத்தால் பூட்டிக்கொள்ளும், மெழுகு செய்யும் வேலையை அது செய்யும். பிரேக் கிடையாது. கோலின் முனையில் தார்ச்சாலையைக் கொத்தும் அளவுக்குக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு முள் இருக்கும். அது மழுங்கினால் வழுக்கிவிடும், வைரத்தூள் பதித்த அரத்தால் தீட்ட வேண்டும்.

எங்கே ஓட்டுவது? எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடியற்காலையிலும் வரிசை கட்டி நிற்கும். காசிமேட்டுப் பக்கம் ஞாயிறு அதிகாலையில் மீன் வாங்க வரும் கூட்டத்தில் நடக்கவே இடம் இருக்காது. தெருவுக்குள் வேகத்தடையும் மணலும். ஒரு பிடி மணல் போதும், சக்கரம் நின்று ஆள் மட்டும் முன்னால் போய்விழ. நான்கைந்து வாரம் ஸ்கூட்டரில் அலைந்து, கடைசியில் எர்ணாவூர் தாண்டி, மூடிக்கிடக்கும் ஓர் ஆலையின் மதிலை ஒட்டிப் போகும் சிமென்ட் சாலையைக் கண்டுபிடித்தேன். ஒன்றேகால் கிலோமீட்டர். ஒரு முனையில் டீக்கடை, மறுமுனையில் முள்வேலி. காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் நாலைந்து சைக்கிள்களும் நாய்களும் மட்டும்தான். நாய்களுக்கு என்னை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

முதலில் வந்த பையன்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாக்கா இது, செருப்புல சக்கரம்?" பனியில் ஓட்டுவதற்கான பயிற்சி என்றேன். "இங்க ஏதுக்கா பனி?" என்றான் ஒருவன். உண்மையான கேள்வி. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்க, பனி எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லப் பார்த்தேன். கூட வந்த ஒரு பத்து வயதுப் பெண்ணுக்குச் சக்கர ஷூ பழக்கம் இருந்தது. அவளிடம் கோலை மட்டும் கொடுத்தேன். உயரத்துக்கு அது ரொம்ப நீளம், நடுவில் பிடித்துக்கொண்டாள். இரண்டு முறை தடுமாறினாள். மூன்றாவது முறை ஊன்றித் தள்ளியதில், காலை அசைக்காமலே பத்தடி முன்னால் போனாள். திரும்பி என்னைப் பார்த்த அந்த முகம், மேம்பாலத்தின் உச்சியில் பெடலை விட்ட மீன்பாடி வண்டிக்காரர் முகம். இங்கே இறக்கமே இல்லை, அவளே உண்டாக்கிக்கொண்ட இறக்கம்.

இந்தியாவில் இதைச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. 1964இல் இன்ஸ்ப்ரூக்கில் ஜெரமி புஜாகோவ்ஸ்கி இந்தியாவுக்காக மலையிலிருந்து இறங்கினார், குளிர்கால ஒலிம்பிக்கில் நம் முதல் ஆள் அவர்தான். 2022இல் பெய்ஜிங்கில் காஷ்மீரின் ஆரிஃப் கான் இறங்கினார். கிராஸ்கன்ட்ரியில் 2018இல் ஜக்தீஷ் சிங் 15 கிலோமீட்டர் ஓடினார். குடகிலிருந்து வந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா 2025இல் சிலியில் 5 கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கியபோது நான் வீட்டில் சத்தம் போட்டே அழைத்து அம்மாவிடம் காட்டினேன். காப்பித் தோட்டத்து ஊர்ப் பெண் பனியில் ஓட முடியுமென்றால் தூரம் ஒரு தடையே இல்லை. ஷிவா கேசவன் ஞாபகம் இருக்கிறதா? லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டியில் சக்கரம் மாட்டி இமயமலைச் சாலையில் பயிற்சி எடுத்தே ஆறு ஒலிம்பிக் போனவர். சக்கரத்தில் கற்றது பனியில் செல்லும்.

அப்பாவுக்குப் பேச்சு மெதுவாகத் திரும்பியது. வலது கை அவ்வளவாகத் திரும்பவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் சோர்ந்துவிடுகிறார் என்று ஒரு ஞாயிறு ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். டீக்கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைச் சாலை ஓரத்தில் போட்டுக் கொடுத்தார். அப்பா டீ குடித்துக்கொண்டு நான் போய் வருவதைப் பார்த்தார். அன்றைக்கு நான் இரட்டைக் கோல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். கால் உதைக்காமல், இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளியே போவது. மூன்றாவது சுற்றில் என்னை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"கை வலிக்குதா?"

"ஆமாம்ப்பா, தோள்பட்டை கழண்டு போவுது."

"அப்போ தப்பாப் போடறே. கையால தள்ளாத கண்ணு. கழி மேல உடம்பப் போடு. எங்க நைனா அப்படித்தான் போடுவாரு."

தாத்தா பக்கிங்காம் கால்வாயில் படகு தள்ளியவர் என்று தெரியும். எப்படித் தள்ளினார் என்று நான் கேட்டதில்லை. அப்பா சொல்லச் சொல்ல டீ ஆறிப்போனது. கால்வாயின் சென்னை முதல் எண்ணூர் வரையான பகுதிதான் பழசு, 1806இல் வெட்டியது. எண்ணூரிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் சவுக்குக் கட்டையும் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜுக்கு வருவார்கள். காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள், அல்லது மூங்கில் கழி. கழியைப் படகின் முன்பக்கத்தில் தண்ணீருக்குள் ஊன்றுவார் தாத்தா. மேல்முனையைத் தோள்குழியில் வைத்து, குனிந்து, எடை முழுவதையும் அதில் சாய்த்து, படகின் விளிம்பு ஓரமாகவே பின்பக்கம் நோக்கி நடப்பார். கடைசி வரை நடந்ததும் கழியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். திரும்ப ஊன்றுவார்.

"நைனா நடக்கற மாதிரி இருக்கும். ஆனா கரையிலேர்ந்து பாத்தா அவரு நின்ன எடத்துலயேதான் நிப்பாரு. படகுதான் அவரு காலுக்கு அடியில போவும்."

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆஸ்லோவில் பயிற்சியாளர் ஒருவர் இதைப் படம் போட்டு விளக்கியிருந்தார். கோல் ஊன்றிய இடம் அசையாது. அந்த இடத்தைத் தாண்டி உடம்பை அனுப்ப வேண்டும். கணுக்காலிலிருந்தே முன்னால் சாய்ந்து, கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, வயிற்றை மடித்துக்கொண்டு கோலின் மேல் விழ வேண்டும். கை கடைசியில் இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகும்போது, வேலையில் பெரும்பங்கு முடிந்திருக்கும். எனக்கு அது மண்டையில் இருந்தது, உடம்பில் இறங்கவில்லை. அப்பா இடது கையை மட்டும் தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து காட்டினார். தோள் முதலில் போனது, கை அப்புறம்தான் வந்தது.

அடுத்த சுற்றில் முயன்று பார்த்தேன். கோல் சிமென்டில் டக்கென்று கடித்தது. வயிறு மடிந்தது. சாலை எனக்குப் பின்னால் ஓடியது. டீக்கடையிலிருந்து முள்வேலி வரை எத்தனை தடவை ஊன்றுகிறேன் என்று வழக்கமாக எண்ணுவேன். அன்று அந்தக் கணக்கில் கால்வாசி குறைந்தது.

அதற்கப்புறம் அப்பா ஞாயிறு தவறுவதில்லை. சனிக்கிழமை இரவே கோல்முனையைத் தீட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டார். கோலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, வராத வலது கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அரத்தை ஒரே பக்கமாக இழுப்பார். நான்கு இழுப்பு, திருப்பு, நான்கு இழுப்பு. பிறகு கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்துப் பார்ப்பார். வழுக்காமல் நின்றால் சரி. பயிற்சியாகவும் ஆகிறது என்று அம்மாவும் தடுப்பதில்லை.

சாலை ஓரம் உட்கார்ந்து அவர் சொல்லும் ஊர், நான் பார்க்காத ஊர். பள்ளிக்கூடம் விட்டதும் ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே மணலில் நடந்து திருவொற்றியூர் போவார்களாம், வடிவுடையம்மன் கோயில் வரைக்கும். இன்று அங்கே நடக்க மணல் இல்லை. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட நாளிலிருந்து தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. இப்போது கருங்கல் குவியல்தான் கரை. கால்வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தாத்தாவின் கழி இன்று சேற்றிலும் குப்பையிலும்தான் குத்தும். எண்ணூர் முகத்துவாரத்தில் இன்றும் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது அந்தப் படகுகளும் கழிகளும் கறுத்துப்போய்க் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நடக்க இருந்த மணல், தள்ள இருந்த தண்ணீர் இரண்டும் போன ஊரில் எனக்கு மிச்சம் ஒன்றேகால் கிலோமீட்டர் சிமென்ட்.

அதனால்தான் கேட்கிறேன், எங்களுக்குப் பனியோ மலையோ வேண்டாம். லாரி வராத, மணல் கூட்டிய ஒரு நீளமான பாதை வேண்டும். கால்வாய்க் கரை எண்ணூர் வரை நேராகத்தான் போகிறது. அந்தக் கரையைச் சுத்தம் செய்து நடக்கவும் சைக்கிள் விடவும் சக்கரக் காலோடு ஓடவும் விட்டால், காலையில் எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வியாசர்பாடியில் விடிவதற்கு முன்னால் பந்து உதைக்க வரும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த ஊர் மனிதர்களுக்குத் தள்ளத் தெரியும். மீன்பாடி தள்ளுகிறார்கள், படகு தள்ளுகிறார்கள், மழைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள்.

மலையை மறந்துவிட்டாயா என்று மியூனிக் நண்பர்கள் கேட்பார்கள். மறக்கவில்லை. காஷ்மீரின் குல்மார்க் போய் ஆஃபர்வட் மலையிலிருந்து ஒரு தடவை இறங்க வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது. ஆனால் காலையில் ஐந்து மணிக்கு எழுப்புவது அந்த ஆசை இல்லை.

போன ஞாயிறு அந்தப் பத்து வயதுப் பெண் தன் அளவுக்கு இரண்டு மூங்கில் குச்சியோடு வந்தாள். அடியில் ஆணி அடித்து, சைக்கிள் டியூப் ரப்பரால் கைப்பிடி சுற்றியிருந்தாள். அப்பா அதை வாங்கி ஆணியை நகத்தில் வைத்துப் பார்த்தார், வழுக்கியது. அரத்தை எடுத்து நான்கு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் டீக்கடையிலிருந்து ஒன்றாகக் கிளம்பினோம். முள்வேலி வரை போய்த் திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

அப்பா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "கழிய இன்னும் சீக்கிரமே எடுத்துர்றே" என்றார். "இன்னொரு தரம் போய்ட்டு வா."